ஒரு வாய்ப் பிரவுனி: கேள்விகளும் பதில்களும்

பண்டிகைக்கு முந்தைய இதழ் என்றால் எனக்கு வரும் கடிதங்களில் இனிப்புதான் நிறைந்திருக்கும். இந்த முறை பெரும்பாலான கடிதங்கள் கேட்பது ஒன்றைத்தான்: ஒரே வாயில் போட்டுக்கொள்ளும் அளவில், மேலே அலங்காரத்தோடு, சாக்லேட் பிரவுனி. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். 'அவசரம்' என்று அடிக்கோடிட்டு எழுதியவர்களுக்கு முன்னுரிமை எதுவும் தரவில்லை. பிரவுனி அவசரத்துக்கு வளைந்து கொடுக்காது, நானும்தான்.

கேள்வி: விருந்துக்கு முப்பது பேர் வருகிறார்கள். ஆளுக்கு ஒன்று வீதம் குட்டிப் பிரவுனி செய்ய ஆசை. மினி மஃபின் அச்சுகளில் ஊற்றிச் சுடுவதா, பெரிய தட்டில் சுட்டு வெட்டிக்கொள்வதா? அளவுகளோடு சொல்லுங்கள் அம்மா.

பதில்: பெரிய தட்டு. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. அச்சில் ஊற்றினால் ஒவ்வொரு துண்டும் அடியிலும் சுற்றிலும் சூடான உலோகத்தில் ஒட்டிக்கொண்டு வேகும். பிரவுனியின் உயிர் அதன் மெத்தென்ற நடுப்பகுதி. அச்சில் அந்த நடுப்பகுதி ஒரு கோலிகுண்டு அளவுக்குத்தான் மிஞ்சும். இரண்டு நிமிடம் அதிகமானால் அதுவும் போய்விடும். தட்டில் சுட்டால் ஓரங்களை மட்டும் சீவிவிட்டு, உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் நடுப்பகுதியாகவே பரிமாறலாம்.

20 செ.மீ. சதுரத் தட்டுக்கு என் அளவு இது: உப்பில்லாத வெண்ணெய் 150 கிராம், 55 முதல் 60 சதவீதம் கோகோ உள்ள டார்க் சாக்லேட் 150 கிராம், பொடியான சர்க்கரை 225 கிராம், முட்டை 3, மைதா 85 கிராம், கோகோ பவுடர் 30 கிராம், உப்பு கால் டீஸ்பூன், வனிலா எசென்ஸ் ஒரு டீஸ்பூன். உடனடிக் காபித்தூள் அரை டீஸ்பூன் சேர்த்தால் காபி வாசனை தெரியாது. சாக்லேட்டின் கசப்பு மட்டும் துலங்கும். பேக்கிங் பவுடர் கிடையாது. உப்பிய பிரவுனி வேண்டுமென்றால் அதற்குக் கேக் என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது.

தட்டில் பட்டர் பேப்பரை இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விரியுங்கள். பிறகு தூக்கி எடுக்க அதுதான் கைப்பிடி. வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் ஒரு கிண்ணத்தை வைத்து வெண்ணெயையும் சாக்லேட்டையும் உருக்குங்கள். கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது. வேறொரு பாத்திரத்தில் முட்டையையும் சர்க்கரையையும் நிறம் வெளுத்து, கலவை தடித்து வரும்வரை நான்கைந்து நிமிடம் அடியுங்கள். வெதுவெதுப்பாக இருக்கும் சாக்லேட்டை அதில் ஊற்றிக் கலந்து, வனிலாவும் காபித்தூளும் சேர்த்து, மைதா, கோகோ, உப்பு மூன்றையும் சலித்துப் போட்டு, மாவின் வெள்ளைக் கோடுகள் மறையும்வரை மட்டும் கரண்டியால் மடித்துக் கலக்குங்கள். அதற்கு மேல் கலக்கினால் மைதாவில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் இழுவையாகித் துண்டு ரப்பர் போல ஆகிவிடும். 175 டிகிரி செல்சியஸில் முன்கூட்டியே சூடேறிய ஓவனில் 22 முதல் 26 நிமிடம். விசிறி வைத்த ஓவன் என்றால் 160 போதும்.

ஆறிய பிறகு நான்கு பக்கமும் ஒரு செ.மீ. சீவினால் 18 செ.மீ. சதுரம் மிஞ்சும். அதை 3 செ.மீ. கட்டங்களாக வெட்டினால் 36 துண்டுகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 17 கிராம். முப்பது பேருக்குக் கொடுத்தபின் ஆறு மிஞ்சும். சீவிய ஓரங்கள் சமைத்தவருக்கே உரியவை. இந்த உரிமையை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கிராம் கணக்கு எதற்கு, கப்பில் சொல்லக் கூடாதா என்று அடுத்த வாரமே ஒருவர் எழுதுவார். மைதாவை அழுத்தி நிரப்பிய கப்புக்கும் தளர்வாக அள்ளிய கப்புக்கும் 30 கிராம் வரை வித்தியாசம் வரும். இந்த அளவில் அந்த 30 கிராம் போதும், பிரவுனி கேக்காக மாறுவதற்கு. ஒரு சிறிய தராசு வாங்குங்கள்.

கேள்வி: கடையில் வாங்கும் பிரவுனியின் மேல் மெல்லிய தாள் போலப் பளபளவென்று ஒரு பொருக்கு இருக்கிறது. எனக்கு மட்டும் அது வருவதே இல்லை.

பதில்: அந்தப் பொருக்கு சர்க்கரையும் முட்டையும் சேர்ந்து செய்யும் வேலை. முட்டையில் நன்றாகக் கரைந்த சர்க்கரை மேல்பரப்புக்கு வந்து, ஓவனின் சூட்டில் மிக மெல்லிய மெரிங் படலமாக, அதாவது முட்டையும் சர்க்கரையும் சேர்ந்து காய்ந்த மொறுமொறுப்பான தோலாக, ஆகிவிடுகிறது. சர்க்கரை கரையாமல் நறநறவென்று கிடந்தால் படலம் உருவாகாது. ஆகவே பெருங்கல் சர்க்கரை வேண்டாம். மிக்ஸியில் இரண்டு சுற்று விட்டுக்கொள்ளுங்கள். முட்டை குளிர்பெட்டியிலிருந்து நேராக வந்ததாக இருக்க வேண்டாம். சாக்லேட் கலவை ஆறி இறுகியபின் ஊற்றாமல், விரல் பொறுக்கும் சூட்டில் ஊற்றுங்கள். சர்க்கரையைக் குறைத்தாலும் பொருக்கு போய்விடும். 'உடம்புக்கு நல்லது' என்று பாதியாகக் குறைத்துவிட்டு எனக்குக் கடிதம் எழுதுபவர்கள் இதைக் கவனிக்கவும்.

ஆனால் ஒன்று. மேலே கனாஷ், அதாவது சூடான க்ரீமில் கரைத்த சாக்லேட், பூசி அலங்கரிக்கப் போகிறீர்கள் என்றால் இந்தப் பொருக்குக்காக மெனக்கெட வேண்டாம். மூடப்போகும் இடத்தை எதற்காக மெருகேற்றுவது?

கேள்வி: செய்முறையில் சொன்ன நேரம்தான் வைக்கிறேன். குச்சி குத்திச் சுத்தமாக வந்த பிறகுதான் எடுக்கிறேன். ஆனாலும் வறண்டுவிடுகிறது.

பதில்: சுத்தமாக வந்த பிறகு எடுப்பதுதான் காரணம். அது கேக்குக்கான சோதனை. பிரவுனியில் குத்திய குச்சியில் ஈரமான பொடித்துகள்கள் ஒட்டியிருக்க வேண்டும். வழிகிற மாவு மட்டும் இருக்கக் கூடாது. ஓரம் லேசாகச் சுருங்கித் தாளை விட்டு விலகி, நடுப்பகுதி தட்டை அசைத்தால் சற்றே அதிரும் நிலை. அப்போது எடுத்துவிடுங்கள். வெளியே வந்தபிறகும் தட்டின் சூட்டில் அது வெந்துகொண்டேதான் இருக்கும். ஆறும்போது வெண்ணெயும் சாக்லேட்டும் இறுகும். சூடாக இருக்கும்போது 'வேகவில்லையோ' என்று தோன்றுவது, ஆறியபின் சரியாக இருக்கும்.

இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு. உங்கள் ஓவனின் திருகு சொல்வதும் உள்ளே இருக்கும் வெப்பமும் ஒன்றுதானா? என்னுடையது 175 என்று காட்டும்போது உள்ளே 160 கூட இருப்பதில்லை. கம்பித்தட்டில் தொங்கவிடும் வெப்பமானி ஒன்று வாங்கிய பிறகுதான் அதனோடு எனக்குச் சமாதானம் ஏற்பட்டது. கண்ணாடித் தட்டில் சுடுபவர்கள் 15 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி மெதுவாகச் சூடேறி, அந்தச் சூட்டை விடாமல் பிடித்துவைத்துக்கொண்டு, வெளியே எடுத்த பிறகும் ஓரங்களைக் காயவைக்கும்.

கேள்வி: வெட்டும்போது உதிர்ந்து, கத்தியில் ஒட்டி, துண்டுகள் கோணல்மாணலாக வருகின்றன. பெரிய துண்டென்றால் தெரியாது. குட்டித் துண்டில் அசிங்கமாகத் தெரிகிறது.

பதில்: உண்மைதான். 3 செ.மீ. சதுரத்தில் ஒரு மூலை உடைந்தாலும் கண்ணை உறுத்தும். தீர்வு பொறுமையில் இருக்கிறது. அறை வெப்பத்தில் முழுதாக ஆறட்டும். பிறகு தட்டோடு மூடி, குளிர்பெட்டியில் குறைந்தது இரண்டு மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு. தாளைப் பிடித்துத் தூக்கிப் பலகையில் வையுங்கள். பள்ளிக்கூட அளவுகோலைச் சுத்தமாகத் துடைத்து எடுத்துக்கொண்டு, நான்கு ஓரங்களிலும் 3 செ.மீ.க்கு ஒரு சிறு கீறல் போடுங்கள். நீளமான, பல் இல்லாத கத்தியை வெந்நீரில் முக்கி, துடைத்து, மேலிருந்து நேராகக் கீழே அழுத்துங்கள். முன்னும் பின்னும் அறுக்க வேண்டாம். ஒவ்வொரு வெட்டுக்கும் மறுபடி முக்கித் துடைக்க வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் நேர்த்தியான துண்டுக்கும் கோணல் துண்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்தத் துடைப்பதில்தான் இருக்கிறது.

கேள்வி: அலங்காரம் எப்படிச் செய்வது? படங்களில் பார்ப்பதுபோல் பல நிறங்களில் செய்ய வேண்டும் என்று என் மகள் ஆசைப்படுகிறாள். எனக்கு க்ரீம் பூ போடும் கைத்திறன் இல்லை.

பதில்: பூ வேண்டாம். ஒரு வாய் அளவுத் துண்டின் மேல் க்ரீம் பூ ஏறினால் சாப்பிடுபவர் வாயில் பாதி க்ரீமாக இருக்கும். பிறகு பிரவுனி எதற்கு? என் விதி எளிது: மேலே இருக்கும் அலங்காரம் துண்டின் உயரத்தில் கால் பங்குக்கு மேல் போகக் கூடாது. நிறம் இரண்டு போதும். மகளிடம் மூன்று என்று பேரம் பேசி இரண்டில் முடியுங்கள்.

கைத்திறன் தேவைப்படாத முறை கனாஷ். 60 மி.லி. க்ரீமைக் கொதிநிலைக்குச் சற்று முன்புவரை சூடாக்கி, பொடியாக நறுக்கிய 100 கிராம் டார்க் சாக்லேட்டின் மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் தொடாமல் விட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கலக்குங்கள். வெட்டாத, குளிர்ந்த பிரவுனியின் மேல் இதை ஊற்றிப் பரப்பினால் 3 அல்லது 4 மி.மீ. தடிமனில் ஒரு படலம் கிடைக்கும். அது பாதி இறுகும்போது, அதாவது விரல் பட்டால் தடம் விழும், ஆனால் ஒட்டாது என்ற நிலையில், ஓரத்துக் கீறல்களைப் பார்த்து ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒரு பொருளை வையுங்கள். வறுத்த பாதாம் பாதி, ஒரு துளி ஆரஞ்சுத் தோல் மிட்டாய், உலர்ந்த ரோஜா இதழ், இரண்டு கல் உப்பு, எது வேண்டுமானாலும். முழுதாக இறுகியபின் சூடான கத்தியால் வெட்டினால் ஒவ்வொரு துண்டின் பக்கத்திலும் கனாஷும் பிரவுனியும் இரண்டு பட்டைகளாகத் தெரியும். அந்தக் கோடே ஓர் அலங்காரம். ஓரங்களைச் சீவுவதும் இந்தக் கடைசி வெட்டில்தான். முன்பே சீவினால் கனாஷ் பக்கங்களில் வழிந்துவிடும்.

இன்னும் எளிதாக வேண்டுமா? உருக்கிய வெள்ளைச் சாக்லேட்டை ஒரு சிறிய பிளாஸ்டிக் பையில் நிரப்பி, மூலையை ஊசிமுனை அளவுக்கு வெட்டி, வெட்டிய துண்டுகளை நெருக்கமாக அடுக்கி, அவற்றின் மேல் குறுக்காக வேகமாகக் கோடுகள் இழுங்கள். மெதுவாக இழுத்தால்தான் கை நடுக்கம் தெரியும். துண்டுகளின் எல்லையைத் தாண்டி இழுக்கத் தயங்காதீர்கள். அடியில் தாள் இருக்கிறதே.

கேள்வி: வெள்ளைச் சாக்லேட்டில் சிவப்பு நிறத் துளி விட்டேன். உடனே கட்டிகட்டியாகத் திரிந்து கல்லாகிவிட்டது. சாக்லேட் கெட்டுப்போனதா?

பதில்: கெட்டுப்போகவில்லை, தண்ணீர் பட்டுவிட்டது. நீங்கள் விட்டது தண்ணீரில் கரைத்த நிறம். சாக்லேட் என்பது கொழுப்புக்குள் மிதக்கும் நுண்ணிய சர்க்கரையும் கோகோவும். துளித் தண்ணீர் பட்டாலும் சர்க்கரை ஈரமாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சாக்லேட்டுக்கென்றே எண்ணெயில் கரைத்த நிறங்கள் உண்டு. அவற்றைத்தான் வாங்க வேண்டும். இறுகியதை எறியாதீர்கள். சூடான க்ரீமை ஒவ்வொரு ஸ்பூனாகச் சேர்த்துக் கலக்கினால் மறுபடி இளகும். கோடு இழுக்க உதவாது. மேலே ஊற்றும் சாஸாக உதவும்.

கேள்வி: டார்க் சாக்லேட்டை உருக்கிப் பிரவுனியின் பாதியை அதில் முக்கி வைத்தேன். மறுநாள் சாம்பல் பூத்ததுபோல் வெளுத்துவிட்டது. பூஞ்சையோ என்று பயந்து கொட்டிவிட்டேன்.

பதில்: ஐயோ, கொட்டியிருக்க வேண்டாம். அது கோகோ வெண்ணெய் மேலே வந்து படிந்தது, தாராளமாகச் சாப்பிடலாம். கோகோ வெண்ணெய் ஆறு விதமான படிகங்களாக இறுகக்கூடியது. அவற்றில் ஒன்றுதான் பளபளப்பும், உடைக்கும்போது 'டக்' என்ற ஒலியும் தரும். வெறுமனே உருக்கி ஆறவிட்டால் எல்லா வகையும் கலந்து உருவாகி, நிலையற்றவை மெல்ல மாறி, மேலே வெள்ளையாகப் பூக்கும். விரும்பிய படிகம் மட்டும் உருவாகும்படி சூட்டைக் கட்டுப்படுத்துவதற்கு டெம்பரிங் என்று பெயர்.

வீட்டில் செய்ய எளிய வழி: சாக்லேட்டில் மூன்றில் இரண்டு பங்கை 45 முதல் 48 டிகிரி வரை சூடாக்கி உருக்குங்கள். அடுப்பிலிருந்து இறக்கி, நறுக்கி வைத்த மிச்சப் பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கிக்கொண்டே 31 அல்லது 32 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். உருகாத சாக்லேட்டில் நல்ல படிகங்கள் இருக்கின்றன. மற்றவற்றுக்கு அவை வழிகாட்டும். பால் சாக்லேட்டுக்கு 30, வெள்ளைக்கு 28 அல்லது 29 போதும். கத்திமுனையில் தொட்டுத் தாளில் தடவிப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்குள் பளபளப்பாக இறுகினால் முக்கத் தொடங்கலாம்.

சமையல் வெப்பமானி இல்லாதவர்கள் காம்பவுண்ட் சாக்லேட் வாங்கிக்கொள்ளட்டும். அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருப்பதால் உருக்கினால் போதும், வெளுக்காது. சுவை ஒரு படி கீழேதான். பிரவுனிக்குள்ளே போடும் சாக்லேட் மட்டும் உண்மையானதாக இருக்கட்டும் என்பது என் வேண்டுகோள்.

கேள்வி: ஐசிங் சர்க்கரையை நட்சத்திர வடிவில் தூவினேன். பரிமாறும் நேரத்தில் நட்சத்திரம் மறைந்துவிட்டது.

பதில்: பிரவுனியின் ஈரத்தைச் சர்க்கரை குடித்துவிட்டது. பரிமாறுவதற்குச் சற்று முன்பு தூவுங்கள். முன்பே செய்துதான் ஆக வேண்டும் என்றால், கொழுப்புப் பூச்சு ஏற்றிய 'கரையாத' ஐசிங் சர்க்கரை என்று தனியாக விற்கிறார்கள்; அது நிற்கும்.

கேள்வி: மினுமினுப்புப் பொடியின் டப்பாவில் 'நச்சற்றது' என்று அச்சிட்டிருக்கிறது. தூவலாம் அல்லவா?

பதில்: கூடாது. நச்சற்றது என்றால் தெரியாமல் விழுங்கினால் ஆபத்தில்லை என்று மட்டும்தான் பொருள். உணவாகத் தயாரித்தது என்றால் 'உண்ணத்தக்கது' என்று எழுதி, சேர்மானப் பட்டியலும் போட்டிருப்பார்கள். பட்டியல் இல்லாத டப்பா கைவினைப் பொருள்களோடு இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை. இந்தச் செய்முறையில் முட்டையை விட்டுவிடலாமா?

பதில்: வெறுமனே விட்டுவிட்டால் எண்ணெய் கக்கும் ஒரு களிதான் கிடைக்கும். முட்டை அங்கே மாவைப் பிணைத்துப் பிடிக்கவும், ஈரம் கொடுக்கவும், கொழுப்பையும் நீரையும் சேர்த்து வைக்கவும் இருக்கிறது. மூன்று முட்டைக்குப் பதில் 180 கிராம் புளிக்காத கெட்டித் தயிர், மைதாவை 110 கிராமாக உயர்த்தி, அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர் சேர்த்துப் பாருங்கள். பேக்கிங் பவுடரைப் பழித்தவளே சிபாரிசு செய்கிறேன். முட்டை இல்லாத இடத்தில் அதற்கு வேலை உண்டு. சர்க்கரையைத் தயிரில் நன்றாகக் கரைத்துவிட்டு மற்றதைச் சேர்க்கவும். மேல் பொருக்கு வராது, ஆகவே கனாஷ் பூசுங்கள். வெட்டும் முன் ஓர் இரவு குளிர்ச்சியில் வைப்பது இங்கே கட்டாயம். பொடித்த ஆளிவிதை ஒரு டேபிள்ஸ்பூனுக்கு மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீர் என்று ஊறவைப்பதும் ஒரு முட்டைக்கு ஈடுதான். ஆனால் வாயில் விதையின் நறநறப்பு தட்டுப்படும், எனக்குப் பிடிக்காது.

கேள்வி: அளவை இரண்டு மடங்காக்கி அதே தட்டில் ஊற்றலாமா?

பதில்: கூடாது. உயரம் இரண்டு மடங்கானால் ஓரம் கருகும்வரை நடு வேகாது. 23க்கு 33 செ.மீ. தட்டின் பரப்பு 759 சதுர செ.மீ.; நம் சிறிய தட்டு 400. ஏறத்தாழ இரு மடங்கு. அதில் ஊற்றுங்கள், நேரம் ஐந்து நிமிடம் கூடலாம், அதுவும் குச்சி சொல்வதைப் பொறுத்து.

கேள்வி: யாரோ கேக்கில் பேக்கிங் பவுடர் போட மறந்ததால்தான் பிரவுனி பிறந்தது என்கிறார் என் கணவர். உண்மையா?

பதில்: கேட்க நன்றாக இருக்கிறது, ஆதாரம்தான் இல்லை. உங்கள் குட்டிப் பிரவுனிக்குப் பொருத்தமான கதை வேறொன்று இருக்கிறது. 1893-ல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தபோது, அதன் பெண்கள் குழுவுக்குத் தலைமை வகித்த பெர்த்தா பாமர், பெண்களின் மதிய உணவுப் பெட்டியில் வைக்க, கேக் துண்டைவிடச் சிறியதாக, கையில் எடுத்துச் சாப்பிடும்படி ஓர் இனிப்பு வேண்டும் என்று பாமர் ஹவுஸ் ஓட்டலின் சமையலறையில் கேட்டாராம். அந்த ஓட்டல் சொல்லிவரும் வரலாறு இது. மேலே வால்நட்டும் ஏப்ரிகாட் பழப் பாகின் மினுக்கும் வைத்து இன்றும் அங்கே பரிமாறுகிறார்கள். ஆகவே சிறியதாக வெட்டுவதும் மேலே மினுக்கு ஏற்றுவதும் நேற்றைய நாகரிகம் இல்லை என்று கணவரிடம் சொல்லுங்கள். அவரையே பாத்திரம் கழுவவும் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டு நாய் ஆசையாகப் பார்க்கிறது. ஒரே ஒரு குட்டித் துண்டு?

பதில்: ஒரு பொருக்குக்கூடக் கூடாது. சாக்லேட்டில் இருக்கும் தியோபுரோமின் என்ற பொருள் நாய்க்கு நஞ்சு; அதை நாயின் உடல் மிக மெதுவாகத்தான் வெளியேற்றும். டார்க் சாக்லேட்டிலும் கோகோ பவுடரிலும் அது அதிகம். தட்டை உயரத்தில் வையுங்கள்.

கேள்வி: பண்டிகை நாளன்று நேரமே இருக்காது. எத்தனை நாள் முன்பு செய்து வைக்கலாம்? பெட்டியில் அடுக்கிக் கொடுக்கவும் வேண்டும்.

பதில்: பிரவுனி மறுநாள்தான் ருசியில் முழுமை அடையும், ஆகவே முந்தைய நாள் செய்வது நஷ்டமில்லை. அலங்காரம் இல்லாமல், காற்றுப் புகாத டப்பாவில், குளிர்ந்த அறையில் மூன்று நாள் இருக்கும். கனாஷ் பூசியதைக் குளிர்பெட்டியில் வைத்து நான்கு நாளுக்குள் முடித்துவிடுங்கள். இன்னும் முன்னதாக வேண்டும் என்றால், வெட்டாத முழுப் பலகையாக இரண்டு சுற்றுத் தாள் சுற்றி உறைபெட்டியில் இரண்டு மாதம் வரை வைக்கலாம். வெளியே எடுத்ததும் தாளைப் பிரிக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வரும்வரை சுற்றியபடியே இருக்கட்டும். வியர்க்கும் நீர் தாளின் வெளிப்பக்கம் படியும், பிரவுனியில் படியாது. நிற மிட்டாய்த் தூவல் இந்த நீரில்தான் சாயம் இறங்கி வழியும் என்பதால், அதையும் மற்ற அலங்காரத்தையும் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் ஒரே அடுக்குதான் நல்லது. இரண்டு அடுக்கு தவிர்க்க முடியாதென்றால் நடுவே பட்டர் பேப்பரும், கீழ் அடுக்கில் தட்டையான அலங்காரமும். உள்ளே வால்நட்டோ பாதாமோ இருந்தால் ஒவ்வாமை உள்ளவர்களுக்காகப் பெட்டியின் மேல் எழுதி ஒட்டிவிடுங்கள். மொறுமொறுப்பான பிஸ்கட்டை மட்டும் பிரவுனியோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். மறுநாள் காலைக்குள் பிரவுனியின் ஈரம் ஏறி அது நமத்துப்போய்விடும்.